மாசாமாசம் பாவசங்கீர்த்தனத்துல அதே கோபத்தையேதான் சொல்றேன், புனிதர்கள் எல்லாம் எப்படித்தான் சமாளிச்சாங்க?

மெழுகுதிரி எழுதியது:

இயேசுவுக்கே புகழ் எல்லாருக்கும். ரொம்ப நாளா இங்க வாசிச்சிட்டு மட்டும் இருக்கேன், இன்னைக்குத்தான் எழுதுறேன். எங்க மாமியாருக்கு டிமென்ஷியா. நான் அத்தைன்னுதான் கூப்பிடுவேன், நல்லா இருந்த காலத்துல எனக்கு அம்மா மாதிரி இருந்தவங்க. இப்போ சாப்பிட்டு முடிச்சு கை கழுவின உடனே "இந்த வீட்ல எனக்கு யாரும் சோறு போடல"ன்னு வாசல்ல போய் நிக்கிறாங்க, போறவர்ற எல்லார்கிட்டயும் சொல்றாங்க. ஜெபமாலையை அவங்களே தலகாணி உறைக்குள்ள ஒளிச்சு வச்சிட்டு நான் திருடிட்டேன்னு சொல்றாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பூசைக்கு மணி அடிச்சாச்சு புடவை எடுன்னு எழுப்புறாங்க. நானும் முதல்ல பொறுமையாத்தான் சொல்றேன், அப்புறம் ஒரு கட்டத்துல கத்திடுறேன், ஒரு தடவை கையைப் பிடிச்சு வேகமா இழுத்து உக்கார வச்சிட்டேன், அவங்க பயந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் மனசுல நிக்குது.

மாசாமாசம் சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேக்க பாவசங்கீர்த்தனத்துக்குப் போறேன், அதே பாவம், அதே வார்த்தை. சாமியாரும் மூணு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லும்மான்னு அனுப்பிடுறார். இனிமே செய்யமாட்டேன்னு பிரதிக்கினை பண்ணும்போதே உள்ளுக்குள்ள தெரியுது நாளைக்கே செய்வேன்னு. அப்போ அது பொய்தானே? சின்ன வயசுல ஞானோபதேசத்துல படிச்சோமே தலையான பாவம் ஏழு, ஆங்காரம் கோபம்னு, அதுல இருக்கிறதாச்சே. புனிதர்களுக்கெல்லாம் கோபமே வராதா, இல்ல வந்தும் எப்படியோ அடக்கினாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தினசரி_ஜெபமாலை எழுதியது:

சகோதரி, இது ஆண்டவர் உங்களுக்குக் கொடுத்த சிலுவை. உத்தரிக்கிற ஸ்தலத்துல மோட்சத்துக்குக் காத்திருக்கிற ஆத்துமாக்களுக்காக ஒப்புக்கொடுங்க, ஒரு சொட்டுக் கஷ்டம்கூட வீணாப் போகாது. புனித அகுஸ்தீனாரோட அம்மா மோனிக்கம்மாளை நினைச்சுப் பாருங்க. அவங்க புருஷன் பத்ரீசியுஸ் முன்கோபி, மாமியாரும் ஆரம்பத்துல வேலைக்காரிங்க பேச்சைக் கேட்டு மருமக மேல கடுப்பா இருந்தவங்க. அகுஸ்தீனாரே தன் சரிதைல ஒன்பதாம் புத்தகத்துல எழுதியிருக்கார், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாம பொறுமையாலயே மாமியாரை ஜெயிச்சாங்கன்னு. கடைசில அந்த மாமியாரே மகன்கிட்ட வேலைக்காரிங்களைக் காட்டிக்கொடுத்தாங்க. ஜெபிக்கிறேன் உங்களுக்காக.

ராத்திரி_டியூட்டி எழுதியது:

நான் நர்ஸ், முதியவங்க வார்டுல பல வருஷம். மேல உள்ள அண்ணன் நல்ல எண்ணத்துலதான் சொல்றார், ஆனா மோனிக்கம்மாள் கதையை இந்த இடத்துல கொண்டு வர்றது எனக்கு ஒத்து வரல. அதே பக்கத்துல அகுஸ்தீனார் இன்னொண்ணும் எழுதியிருக்கார், அந்த ஊர்ல மத்த பொம்பளைங்க முகத்துல அடிபட்ட தழும்போட இருந்தாங்கன்னு, அவங்களுக்கு மோனிக்கம்மாள் நாக்கை அடக்குங்கன்னு புத்தி சொன்னாங்கன்னு. நாலாம் நூற்றாண்டு ஆப்பிரிக்காவுல ஒரு பொண்ணுக்கு வேற வழி இல்ல, சரி. அதை எடுத்து இன்னைக்கு தூக்கமில்லாம கிடக்கிற ஒரு மருமக முன்னாடி வச்சு பொறுத்துக்கோன்னு சொன்னா அது ஆன்மீகம் இல்ல, தப்பிச்சுக்கிறது.

மெழுகுதிரி, முதல்ல ஒரு கேள்வி. ராத்திரி தொடர்ந்து எத்தனை மணி நேரம் தூங்குறீங்க? இந்த நோய்ல சாயங்காலம் ஆனா குழப்பம் கூடும், அது உங்க தப்பும் இல்ல அவங்க தப்பும் இல்ல. சாப்பிட்டாச்சுன்னு வாதாடாதீங்க, "இதோ போடுறேன் அத்தை"ன்னு ரெண்டு பிஸ்கட் கையில கொடுங்க, முடிஞ்சுது. வாதம் பண்ணி ஜெயிக்கிற நோய் இல்ல இது. திடீர்னு குழப்பம் ரொம்ப அதிகமாச்சுன்னா மட்டும் யூரின் இன்ஃபெக்‌ஷன் இருக்கான்னு டாக்டர்கிட்ட பாருங்க, வயசானவங்களுக்கு காய்ச்சல் இல்லாமலே அது வரும்.

பழைய_சரக்கு எழுதியது:

மெழுகுதிரி கேட்டது "புனிதர்களுக்கு கோபம் வராதா"ன்னு. வரும், தாராளமா வரும். எரோணிமுஸ் எழுதின கடிதங்களைப் படிச்சா தெரியும், வாய்க்கு வந்தபடி திட்டுவார், பழைய சிநேகிதன் ரூஃபினோட போட்ட சண்டை உலகம் அறிஞ்சது. கமில்லுஸ் தெ லெல்லிஸ் இன்னைக்கு நோயாளிகளுக்கும் நர்ஸுகளுக்கும் பாதுகாவலர், ஆனா இளவட்டத்துல சீட்டாட்டமும் அடிதடியும்தான், ரோம்ல ஒரு ஆஸ்பத்திரில வேலைக்கு வச்சு அந்தக் குணத்தாலயே வெளிய அனுப்பிட்டாங்க. 1575ல மனம் திரும்பி அப்புறம் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் சேவை செய்ய வந்தார்.

ஆனா உங்க விஷயத்துக்கு நான் போய் நிக்கிற ஆள் பிரான்சிஸ்கு சலேசியார். டான் பாஸ்கோ தன் சபைக்கு சலேசிய சபைன்னு பேர் வச்சதே இவரால. 1609ல இவர் எழுதின பக்தி வாழ்வு பத்தின புஸ்தகம், குருக்களுக்கோ கன்னியர்களுக்கோ எழுதினது இல்ல, வீட்ல இருக்கிறவங்களுக்கு எழுதினது. அதுல மூணாம் பாகத்துல சாந்த குணத்துக்கு ரெண்டு அதிகாரம் அடுத்தடுத்து வரும். முதல்ல மத்தவங்க மேல சாந்தம். அதுல அவர் சொல்ற வைத்தியம் ரொம்ப சிம்பிள், கோபப்பட்டுட்டோம்னு தெரிஞ்ச அந்த நிமிஷமே, அதே ஆள்கிட்ட, ஒரு சாந்தமான காரியம் செஞ்சிடு, பச்சைக் காயம்தான் சீக்கிரம் ஆறும்ங்கிறார். பாவசங்கீர்த்தனம் வரைக்கும் மாசக்கணக்கா அதைத் தூக்கிட்டுத் திரியச் சொல்லல.

ரெண்டாவது அதிகாரம்தான் உங்களுக்கு. நம்ம மேலயே நமக்கு சாந்தம் வேணும்ங்கிறார். கோபப்பட்டதுக்காக கோபப்படுறது, எரிச்சல்பட்டதுக்காக எரிச்சல்படுறது, இது மனசை இன்னும் கோபத்துலயே ஊற வைக்கும், அடுத்த தடவை சின்னதா ஏதாவது நடந்தாலே வெடிக்கும்னு எழுதியிருக்கார். அதுக்கு மேல ஒரு போடு போடுறார், இந்தக் கோபத்துக்கு வேர் ஆங்காரம்னு, நான் குறையே இல்லாதவளா இருக்கணும்னு நினைச்சேன், இப்படி ஆயிட்டேனேங்கிற வருத்தம்தான் அதுன்னு. விழுந்துட்டா மனசைப் பார்த்து "ஐயோ பாவம், எந்தக் குழில விழமாட்டோம்னு இருந்தோமோ அதுலயே விழுந்துட்டோம், சரி வா எழுந்திருப்போம்"னு சொல்லணுமாம். ஒரு மேற்றிராணியார், அதாவது பிஷப், எழுதினது இது.

பிரதிக்கினை பொய்யான்னு கேட்டீங்க. விழுவேன்னு பயப்படுறது வேற, விழணும்னு நினைக்கிறது வேற. உங்களுக்கு விழணும்னு ஆசையா? இல்லேல்ல. அப்போ பொய் இல்ல.

சும்மா_ஒரு_ஆள் எழுதியது:

கோவிலுக்கு கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் போற ஆள் நான், இருந்தாலும் கேக்குறேன். இந்தப் புனிதர்கள்ல யாராவது டயப்பர் மாத்தியிருக்காங்களா? எல்லாரும் மடத்துல இருந்துக்கிட்டு வீட்ல இருக்கிறவனுக்கு பொறுமை சொல்லிக்கொடுக்கிறாங்க. குழந்தை தெரேசம்மாள் கிழவி கதை ஒண்ணு எல்லா பிரசங்கத்துலயும் வரும், தியானத்துக்குப் போனா அதே கதைதான். அந்த அம்மா கிழவியைக் கூட்டிட்டுப் போனது ஒரு நாளைக்கு ஒரு தடவை, சாப்பாட்டு அறை வரைக்கும். இவங்க இருபத்திநாலு மணி நேரமும்.

மணல்மேடு எழுதியது:

ஹாஹா சும்மா_ஒரு_ஆள் பாயின்ட்டைப் புடிச்சிட்டார். ஆனா அந்தக் கதையை பிரசங்கத்துல சொல்ற மாதிரி இனிப்பா இல்லாம அவங்களே எழுதினதுல போய்ப் படிச்சா வேற மாதிரி இருக்கும். 1897ல சாகக் கிடக்கும்போது எழுதின பகுதில வருது. சிஸ்டர் சேன் பியேர்னு ஒரு வயசான கன்னியாஸ்திரி, நடக்க முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, தியானத்துல இருக்கும்போதே, கையில இருக்கிற மணல் கடிகாரத்தை ஆட்டுவாங்களாம், வான்னு அர்த்தம். பெஞ்சை ஒரு குறிப்பிட்ட மாதிரிதான் நகர்த்தணும், அவசரமே படக்கூடாது, பின்னாடி இடுப்புப் பட்டையைப் புடிச்சிட்டே வரணும். கொஞ்சம் வேகமாப் போனா "விழப்போறேன், ஓட்டுறியே"ன்னு கத்து, மெதுவாப் போனா "உன் கையே தெரியல, விட்டுட்டியா, நான் அப்பவே சொன்னேன் இவ சின்னப் பொண்ணு இவளுக்கு ஆகாதுன்னு". அப்புறம் உக்கார வச்சு சட்டைக் கையை அவங்க சொல்ற மாதிரியே மடிச்சு விடணும். ரொட்டி வெட்ட கஷ்டப்படுறாங்கன்னு பார்த்து அதையும் வெட்டிக் கொடுத்து, கிளம்பும்போது ஒரு சிரிப்பு.

இதுல எனக்குப் பிடிச்சது, நான் சந்தோஷமா செஞ்சேன்னு அவங்க ஆரம்பிக்கவே இல்ல. இந்த அம்மாவைத் திருப்திப்படுத்துறது கஷ்டம்னு தெரியும், எனக்கு விருப்பமே இல்லன்னுதான் ஆரம்பிக்கிறாங்க.

பழைய_சரக்கு எழுதியது:

சும்மா_ஒரு_ஆள், உங்க கேள்விக்கு சரியான பதில் தெரேசம்மாள் இல்ல, அவங்க அக்கா செலின். குடும்பக் கதை இது, பிரசங்கத்துல அதிகம் வராது.

அவங்க அப்பா லூயி மார்ட்டின், பிரான்ஸ்காரர். 1888 ஏப்ரல்ல தெரேசம்மாள் பதினஞ்சு வயசுல கார்மெல் மடத்துக்குள்ள போறாங்க, அதே ஜூன்ல அப்பா வீட்டை விட்டுக் காணாமப் போயிட்டார், பல நாள் தேடி லெ ஆவ்ர் துறைமுகத்துல கண்டுபிடிச்சாங்க. அடுத்த வருஷம் பிப்ரவரில மனப்பிரமை முத்திடுச்சு, வெளிய சண்டை நடக்குது, பொண்ணுங்களைக் காப்பாத்தணும்னு ரிவால்வரை எடுத்துட்டார். வேற வழியில்லாம கான் நகரத்துல இருந்த மனநோய் ஆஸ்பத்திரில சேர்த்தாங்க. மூணு வருஷத்துக்கு மேல அங்கதான். ஊர்ல என்ன பேசினாங்கன்னு சொல்லவே வேணாம், செல்லப் பொண்ணு மடத்துக்குப் போனதாலதான் மனுஷனுக்கு இப்படி ஆச்சுன்னு பேசினாங்க. நம்ம ஊரா இருந்தாலும் அதேதான்.

1892 மே மாசம் கால் விளங்காமப் போனப்புறம் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. 1894 ஜூலை மாசம் சாகுற வரைக்கும் கூட இருந்து பார்த்துக்கிட்டது செலின். அவங்களுக்கும் மடத்துக்குப் போகணும்னு ஆசை, தங்கச்சி உள்ள போய் ஆறு வருஷம் ஆச்சு, அப்பா போற வரைக்கும் காத்திருந்து அந்த செப்டம்பர்லதான் உள்ள போனாங்க. அந்த லூயியையும் அவர் மனைவி செலியையும் 2015 அக்டோபர்ல திருச்சபை புனிதர்னு அறிவிச்சுது. மனநோய் ஆஸ்பத்திரில கிடந்த ஒரு அப்பா, பீடத்துல.

பாளையங்கோட்டை_பேரன் எழுதியது:

இது நல்ல கதைதான், ஆனா இதைப் படிச்சிட்டு மெழுகுதிரி நாளைக்கே அத்தையை முதியோர் இல்லத்துல விட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு. பெத்தவங்களை ஹோம்ல விடுறது நம்ம விசுவாசத்துக்கே அடுக்காது. பெத்தவங்களை மதிச்சு நடங்கிற நாலாம் கட்டளை என்ன சொல்லுது? பைபிள்ல சீராக் ஞானம் மூணாம் அதிகாரம், திருக்குடும்பத் திருவிழாவுக்கு வாசிக்கிறாங்களே, அப்பாவுக்கு அறிவு மங்கினாலும் பொறுமையா இரு, உனக்கு பலம் இருக்குன்னு அவரை இகழாதேன்னு.

ராத்திரி_டியூட்டி எழுதியது:

தம்பி அந்த வாசகத்தை இன்னொரு தடவை படிங்க. அது யாரைப் பார்த்து சொல்லுது? பெத்த பிள்ளையைப் பார்த்து. மருமகளைப் பார்த்து இல்ல. இங்க இவ்வளவு பேர் இவ்வளவு எழுதியாச்சு, அத்தையோட மகன் எங்கன்னு ஒருத்தரும் கேக்கல. மகளுங்க இருக்காங்களா? கொழுந்தனுங்க? மெழுகுதிரியும் சொல்லல, சொல்லாததுலயே தெரியுது.

ஹோம் விஷயம், நான் பார்த்ததுல விட்டுட்டு எட்டிப் பார்க்காதவங்களும் உண்டு, வாராவாரம் வந்து தலை சீவி விட்டு நகம் வெட்டிட்டுப் போற பிள்ளைங்களும் உண்டு. வீட்லயே வச்சிருந்து பின் ரூம்ல பூட்டி வைக்கிறவங்களையும் பார்த்திருக்கேன். கட்டளை எங்க மீறப்படுதுன்னு வீட்டு அட்ரஸைப் பார்த்து சொல்ல முடியாது.

தினசரி_ஜெபமாலை எழுதியது:

சிஸ்டர் சொல்றதுல நியாயம் இருக்கு, மகன் கேள்வியை நானும் யோசிக்கல. ஆனாலும் ஒப்புக்கொடுத்தல்ங்கிறதை அப்படியே தள்ளிடாதீங்க. எங்கம்மா கடைசி நாள்ல எனக்கு அது ஒண்ணுதான் கைகொடுத்துச்சு. உதவி கேக்குறதும் ஒப்புக்கொடுக்கிறதும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்லையே.

மெழுகுதிரி எழுதியது:

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன், அழுதுட்டே படிச்சேன். அவர் வெளியூர்ல வேலை, சனி ஞாயிறுதான் வருவார். வந்தாலும் அம்மா பக்கத்துல உக்காந்து பேசிட்டு டீ குடிச்சிட்டு "அம்மா நல்லாத்தானே இருக்காங்க"ன்னு சொல்லுவார், ஏன்னா மகனைப் பார்த்தா அத்தைக்கு அன்னைக்கு மட்டும் தெளிவு வந்துடுது. நாத்தனார் பக்கத்து ஊர்ல இருக்காங்க. நான் யார்கிட்டயும் கேட்டதில்ல. கேட்டா மருமகளால முடியலன்னு பேசுவாங்களோன்னு. பழைய_சரக்கு ஐயா சொன்ன ஆங்காரம் இதுதானோ என்னவோ.

தூக்கம் கேட்டீங்கக்கா, மூணு மணி நேரம் சேர்ந்து தூங்கினா பெரிசு.

ஒரு சந்தேகம், நடைமுறைல கோபத்தை எப்படிக் குறைக்கிறது? வரும்போது தெரியவே மாட்டேங்குது, வந்தப்புறம்தான் தெரியுது.

மணல்மேடு எழுதியது:

இதுக்கு இயேசு சபையை ஆரம்பிச்ச இஞ்ஞாசியார்கிட்ட ஒரு டெக்னிக் இருக்கு. அவர் பட்டாளத்துக்காரர், 1521ல பாம்பலோனா கோட்டைல குண்டு பட்டு கால் உடைஞ்சு படுத்தவர், எல்லாத்துக்கும் கணக்கு வச்சுப் பார்க்கிற ஆள். அவரோட ஆன்மீகப் பயிற்சில வர்றது, ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கணும், ஏழு பாவத்தையும் ஒரே நாள்ல திருத்தப் பார்க்கக்கூடாது. காலைல எழுந்த உடனே இன்னைக்கு இதுல கவனமா இருப்பேன்னு நினைச்சுக்கணும். பகல்ல விழும்போதெல்லாம் நெஞ்சுல கை வைக்கணும், கூட்டத்துல இருந்தாலும் யாருக்கும் தெரியாம வைக்கலாம்னு அவரே சொல்றார். மதிய சாப்பாட்டுக்கப்புறம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, எத்தனை தடவைன்னு ஒரு கோட்டுல புள்ளி வைக்கணும். ஒரு நாளைக்கு ரெண்டு கோடு, வாரத்துக்கு ஏழு நாள், நாள் போகப்போக கோட்டை சின்னதா போடுறார், புள்ளி குறையும்ங்கிற நம்பிக்கைல. நேத்தைக்கும் இன்னைக்கும் ஒப்பிட்டுப் பார்க்கணும், அவ்வளவுதான், திட்டிக்கிறது இல்ல. நான் காலண்டர் பின்பக்கத்துல செஞ்சிருக்கேன், நாலஞ்சு நாள்லயே எந்த நேரத்துல அதிகம் வருதுன்னு தெரிஞ்சிடும். உங்களுக்கு ராத்திரி ரெண்டு மணிக்குன்னு நான் இப்பவே சொல்லிடுவேன்.

சும்மா_ஒரு_ஆள் எழுதியது:

புள்ளி வைக்கிறது பரவாயில்ல. ஆனா மூணு மணி நேரத் தூக்கத்துல யாருக்கும் புள்ளி குறையாது, இஞ்ஞாசியாரே வந்தாலும்.

பழைய_சரக்கு எழுதியது:

அதை நம்ம மறைக்கல்வியே ஒத்துக்குது. திருச்சபையோட மறைக்கல்வி நூல்ல 1735ம் எண் பாருங்க, பயம், பழக்கம், மனநிலை சார்ந்த காரணங்களால ஒருத்தரோட பொறுப்பு குறையலாம், சில நேரம் இல்லாமலே போகலாம்னு இருக்கு. இதை மெழுகுதிரி அடுத்த தடவை பாவசங்கீர்த்தனத்துல சொல்லணும். "கோபப்பட்டேன்"னு ஒரு வரில முடிக்காம, சாமி நான் இத்தனை மாசமா தனியா பார்க்கிறேன், தூக்கம் இல்லன்னு சொல்லுங்க. முப்பது பேர் வரிசைல நிக்கிற பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் வேணாம், சாதாரண நாள்ல நேரம் கேட்டுப் போங்க. விஷயம் தெரியாம மூணு அருள் நிறைந்த மரியேக்கு மேல அவரால என்ன சொல்ல முடியும். கையைப் பிடிச்சு இழுத்ததை மட்டும் லேசா எடுத்துக்காதீங்க, அது உங்களுக்கே தெரியுது. அந்த எல்லைக்கு வந்துட்டோம்னா கட்டாயம் ஆள் வேணும்னு அர்த்தம்.

இன்னொரு ஆளையும் சொல்லிடுறேன், சலேசியாரோட சிநேகிதி ஜேன் தெ ஷாந்தால். 1601ல வேட்டைக்குப் போன இடத்துல குறி தவறி குண்டு பட்டு புருஷன் செத்துட்டார், நாலு பிள்ளைங்க. மாமனார் என் வீட்ல வந்து இரு, இல்லன்னா பேரப்பிள்ளைங்களுக்கு சொத்து கிடையாதுன்னுட்டார். அந்த வீட்ல நிர்வாகம் எல்லாம் ஒரு வேலைக்காரி கைல, இவங்க ஒரு வார்த்தை சொல்ல முடியாது, அந்த வேலைக்காரி பிள்ளைங்களுக்கும் சேர்த்து இவங்கதான் பாடம் சொல்லிக் கொடுத்தாங்க. ஏழு வருஷம் கிட்ட அங்க. இதுல முக்கியம் என்னன்னா, சுட்ட ஆளை மன்னிக்க அவங்களால முடியல, வருஷக்கணக்கா. சலேசியார் போய்க் கட்டிப்புடின்னு சொல்லல. நீயா தேடிப் போய்ப் பார்க்க வேணாம், எதிர்ல வந்தா நல்லபடியா நடந்துக்கோன்னு மட்டும் எழுதினார். கடைசில அந்த ஆளோட குழந்தைக்கு இவங்களே ஞானத்தாய் ஆனாங்க. 1610ல மினவுதல் சபைங்கிற கன்னியர் சபையை ஆரம்பிச்சது அப்புறம்தான்.

பாளையங்கோட்டை_பேரன் எழுதியது:

ராத்திரி_டியூட்டி அக்கா சொன்னது உறைச்சுது. எங்க வீட்லயும் பாட்டியை அம்மாதான் பார்க்கிறாங்க, அப்பாவும் நானும் வசனம் சொல்றோம்.

மெழுகுதிரி எழுதியது:

நேத்து அவர் வந்தப்போ இந்த இழையை அப்படியே போன்ல கொடுத்துட்டு நான் அம்மா வீட்டுக்குப் போயிட்டேன், ராத்திரி அங்கயே தங்கினேன். ரெண்டு மணிக்கு அத்தை அவரை எழுப்பி பூசைக்குப் புடவை கேட்டிருக்காங்க. மூணு மணிக்கும். காலைல எனக்கு போன் பண்ணி முதல் வார்த்தையே "தினமும் இப்படியா?"

நாத்தனார்கிட்ட அவரே பேசியிருக்கார், புதனும் வியாழனும் அவங்க வந்து தங்குறேன்னு சொல்லியிருக்காங்க, வந்தாதான் தெரியும். பிஸ்கட் ஐடியா பலிக்குது அக்கா, ஆனா இப்போ பிஸ்கட்டை ஜெபமாலையோட தலகாணிக்குள்ள ஒளிக்கிறாங்க, ஒரே எறும்பு.

இன்னொண்ணு கேக்கணும்னு இருந்தேன். அத்தைக்கு நன்மை, அதாவது நற்கருணை, கொடுக்கலாமா, எண்ணெய் பூசி ஜெபிக்கிற அவஸ்தைப்பூசுதல் இப்போ கொடுக்கலாமா? பேர்கூட சில நேரம் மறந்துடுறாங்க. ஆனா "விண்ணுலகில் இருக்கிற"ன்னு ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் தப்பில்லாம சொல்றாங்க.

பழைய_சரக்கு எழுதியது:

தாராளமா. அதுக்கு இப்போ நோயில்பூசுதல்னுதான் பேர், சாகுற நேரத்துக்கு மட்டும் இல்ல, முதுமையால தளர்ந்து போனவங்களுக்கும் கொடுக்கலாம், நிலைமை மோசமானா திரும்பவும் கொடுக்கலாம். நன்மைக்கும் தடை இல்ல, பக்தியா வாங்குறாங்கன்னா போதும், முழுங்க சிரமம் இருந்தா சின்னத் துண்டா கொடுக்கச் சொல்லுங்க, பக்கத்துல தண்ணி வச்சுக்கோங்க. பங்கு ஆபீஸ்ல பேர் கொடுத்து வையுங்க, மாசத்து முதல் வெள்ளிக்கு நன்மையை வீட்டுக்கே கொண்டு வருவாங்க. காலைல தெளிவா இருக்கிற நேரமா பார்த்து வரச் சொல்லுங்க.

ராத்திரி_டியூட்டி எழுதியது:

எறும்புக்கு தலகாணி உறையை தினம் மாத்துங்க, வேற வழி இல்ல. பிஸ்கட்டுக்குப் பதிலா வாழைப்பழம் கொடுத்துப் பாருங்க, உரிச்சுக் கொடுத்தா அப்பவே சாப்பிட்டுடுவாங்க. புதன்கிழமை நாத்தனார் வந்தா நீங்க அந்த ரூம்ல படுக்காதீங்க, வேற ரூம்ல கதவைச் சாத்திட்டுத் தூங்குங்க.